சாம்பல் வான்கோழியின் கறுப்புக் குஞ்சுகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் தொடங்கிச் சர்க்கரையில் போய் நிற்கிறது. இன்று அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வான்கோழியைப் பற்றிச் சொல்லலாமென்று இருக்கிறேன். சிரிக்காதீர்கள். போன வாரம் என் பேத்தி கைப்பேசியை நீட்டி, "பாட்டி, இது ஆயாம் பெலாண்டாதானே? ஏன் கிரே கலர்லா இருக்கு?" என்று கேட்டாள். ஆயாம் பெலாண்டா என்றால் மலாய் மொழியில் வான்கோழி. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்த்த பிறகு அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

படத்தில் இருந்தது கறுப்பு வான்கோழி இல்லை, வெள்ளையும் இல்லை. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பூசியது போன்ற நிறம். அதன்மேல் பேனாவை உதறிவிட்டதுபோல அங்கங்கே கறுப்புத் தெறிப்பு. "இந்தச் சாதி எங்க வீட்டுல இருந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. மலாக்காவில் பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டு வாசலில் இப்படி ஒரு பறவை உலாத்தியது என்றால் யார்தான் நம்புவார்கள்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, அது காய்க்கத் தொடங்கியிருந்த காலம். லாரி வீட்டுப் பக்கம் வந்தாலே பழுத்த செம்பனைக் குலையின் எண்ணெய் வாசம் முதலில் வரும், அப்பா பிறகு வருவார். வீட்டில் அம்மா, அக்கா, நான், தம்பி. அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடு இருந்தாள். சித்திக்கு இருபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது பேச்சுக்கு இடம் கொடுக்கிற வயது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அக்காவும் தம்பியும் அம்மாவைப்போல நல்ல சிவப்பு. அப்பா மாநிறம். நான் மட்டும் கறுப்பு, சந்தேகத்துக்கு இடமில்லாத கறுப்பு. லயத்தில் யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. "நீ தவிட்டுக்கு வாங்கினதுதானே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். உங்களில் சிலருக்கும் இது நடந்திருக்கும். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் எத்தனை மூட்டைத் தவிடு கொடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று உள்ளுக்குள் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே ஒரு கூட்டாளி. நாங்கள் அவரைப் பஸ்காரர் மாமா என்போம். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள். மாமா பிறகு பஸ் ஓட்டப் போய்விட்டார். மலாக்காவிலிருந்து பெம்பான் வழியாக ஜாசின் போகும் பஸ். அப்பாவின் லாரியும் மாமாவின் பஸ்ஸும் சாலையில் எதிரெதிரே வந்தால் இரண்டு ஹாரன்களும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும். மாமாவின் வீடு தங்கா பத்துவில், கடலுக்குப் பக்கத்தில்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் நாங்கள் எல்லோரும் அங்கே போனோம். காற்றில் உப்பும், யாரோ வெயிலில் காயவைத்திருந்த இறால் விழுதின், அதாவது பெலாச்சானின், வாசமும் கலந்திருந்தது. வேலிக்கதவைத் திறந்ததும் சிமெண்டுத் தரையில் எதையோ இழுப்பதுபோலச் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஜம்பு மரத்துக்குப் பின்னாலிருந்து அது வந்தது.

நான் அதற்கு முன் வான்கோழியைப் பார்த்ததே இல்லை. வால் இறகுகளை விசிறிபோல் விரித்து, இரண்டு சிறகுகளின் நுனியையும் தரையில் தேய்த்துக்கொண்டு, பந்தலுக்குள் நுழையும் மாமனார்போல அடிமேல் அடி வைத்து வந்தது. தலையில் முடி கிடையாது. வெறும் சதை. அந்தச் சதை எங்கள் கண்ணெதிரே சிவப்பாக இருந்து நீலமாயிற்று, பிறகு உச்சி மட்டும் வெளுத்தது. அலகின்மேல் முளைத்திருந்த ஒரு சின்னச் சதைத் துண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டு அலகைத் தாண்டித் தொங்கியது. தம்பி அம்மாவின் சேலைக்குள் போய்விட்டான். அந்தப் பறவை நெஞ்சுக்குள்ளிருந்து 'தும்ம்' என்று ஒரு சத்தம் விடும். காதில் விழுவதைவிட நம் வயிற்றில்தான் அது அதிகம் விழும்.

"பயப்படாதீங்கலா, ஒன்னும் செய்யாது. இந்தா பாருங்க" என்று மாமா பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

"குளுகுளுகுளு!" என்று அது உடனே பதில் சொன்னது.

எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அக்கா கைதட்டினாள், பதில் வந்தது. நான் கத்தினேன், பதில் வந்தது. தகரத்தைத் தட்டினோம், அதற்கும் பதில். கடைசியில் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கரண்டியோடு வெளியே வந்தார். "போதும்லா. அதுக்குத் தொண்ட கட்டிக்கப் போவுது."

அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில் அப்பா மட்டும் அசையாமல் நின்றார். எதையும் நின்று பார்க்கிற ஆள் இல்லை அவர். கோயில் திருவிழாவில்கூட நடந்துகொண்டே சாமி கும்பிடுவார். அன்றைக்கு அந்த நிறத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கேருந்துடா புடிச்ச இத?"

"புடிக்கல மச்சான், குடுத்தாங்க. கடலோரத்துல ஒரு போர்த்துகீஸ் குடும்பம். தினம் நம்ம பஸ்லதான் வருவாங்க. வீடு மாறிப் போறப்ப, ஜோடியா நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டாங்க. பொட்ட அந்தா இருக்கு பாரு."

பெட்டை வேலியோரம் மண்ணைக் குடைந்து படுத்திருந்தது. அதுவும் அதே சாம்பல்.

"முட்ட வச்சிருக்கேன், தர்றேன். கொண்டுபோய் அட வையி" என்றார் மாமா. "அப்பன் சாம்பல், ஆத்தா சாம்பல். வேற என்னா வரப் போவுது? வர்றது எல்லாம் சாம்பல்தான்."

அன்றைக்கே இன்னொரு பேச்சும் நடந்தது. மாமாவுக்கு ஒரு தம்பி. அலோர் காஜாவில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அன்று அவரும் அங்கே வந்திருந்தார். அவருக்குச் சித்தியைக் கேட்டார் மாமா. அம்மா சித்தியைப் பார்த்தாள், சித்தி தரையைப் பார்த்தாள். தை பிறந்ததும் பரிசம் போடுவதென்று சாப்பாட்டு மேசையிலேயே முடிவாகிவிட்டது. புறப்படும்போது மாமாவின் தம்பி ஒன்பது முட்டைகளை ஒரு பழைய துண்டில் சுற்றிச் சித்தியின் கையில் கொடுத்தார். காபியில் பால் ஊற்றிய நிறத்தில், முகத்தில் மரு விழுந்ததுபோலப் புள்ளி போட்ட முட்டைகள்.

"ரோட்டுல பள்ளம் வந்தா கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கங்க" என்றார்.

"சரி" என்றாள் சித்தி.

நான் அறிய அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

எங்கள் வீட்டுச் சிவப்புப் பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்த நேரம். சித்தி அதன் முட்டைகளை எடுத்துவிட்டு வான்கோழி முட்டைகளை வைத்தாள். அடுப்பங்கரை மூலையில் ஓர் ஆரஞ்சுப் பழப் பெட்டி, அதற்குள் கோணிச் சாக்கு. பகலில் சன்னலைச் சாத்திவிட்டு, முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்து எங்களுக்குக் காட்டுவாள். உள்ளே சிவப்பாய் நரம்பு ஓடும். கோழிக்குஞ்சு மூன்று வாரத்தில் வந்துவிடும், வான்கோழிக்கு நாலு வாரம். இது பாவம் அந்தக் கோழிக்குத் தெரியாது. தன் கணக்கு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று எழுந்து எழுந்து குனிந்து பார்த்தது. சித்தி அதன் முதுகைத் தடவி, "இன்னும் ஒரு வாரம்டி, பொறுத்துக்க" என்பாள்.

அப்பாவுக்கோ பொறுக்கவில்லை. பழைய தகரமும் கம்பிவலையும் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கூண்டு கட்டி, நீலச் சாயம் அடித்து, தாழ்ப்பாளும் வைத்தார். தோட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. "சாம்பலு. அசல் சாம்பலு. மலாக்கா பூரா தேடினாலும் கெடைக்காது." தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, "எனக்கொரு ஜோடி வேணும் டிரைவர்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். கிராணி தன்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டார் என்பதே அவருக்குப் பெருமை.

ஏழு முட்டை பொரிந்தது. நாலு குஞ்சுகள் வெளிர் சாம்பலும் மஞ்சளுமாகப் பஞ்சுபோல் இருந்தன. மற்ற மூன்றும் கறுப்பு. முகம் மட்டும், பால் குடித்து வாயைத் துடைக்காததுபோல வெளுப்பு.

அப்பா பெட்டிக்கு முன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "வளர வளர வெளுத்துடும்" என்றாள் அம்மா. எதிர்வீட்டுப் பெரியப்பாதான் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஜாசின் ரோட்டுல ஒருத்தரு கறுப்பு ஆயாம் பெலாண்டா வளக்குறாரு, பாத்ததில்ல? பஸ்காரனுக்கு முட்ட கொறஞ்சிருக்கும். போற வழியில அங்க மூணு வாங்கிப் போட்டுட்டான். அவ்வளவுதான் விஷயம்."

அந்த ஒரு வார்த்தை அப்பாவுக்குப் போதுமாக இருந்தது. ஏமாந்துபோனதாக ஊர் சிரிக்கும் என்ற பயம், கூட்டாளியின் மேல் இருந்த நம்பிக்கையைவிடப் பெரிதாகிவிட்டது. இப்போது நினைத்தால் அப்படித் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஒரு கறுப்புக் குஞ்சை பிஸ்கட் டின்னில் போட்டு என் கையில் கொடுத்து, "வா" என்றார் என்பதுதான்.

பெம்பான் கடைத்தெருவில் மாமாவின் பஸ் வந்து நின்றது. அப்பா ஓட்டுநர் பக்கத்துச் சன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"பாருடா இத. இதுதான் ஒன் சாம்பலா?"

மாமா சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். டின்னுக்குள் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கறுப்பா இருக்கு."

"மூணு அப்படித்தான். எங்கடா வாங்கிக் கலந்த?"

"கலந்தேனா? மச்சான், நா எதுக்குக் கலக்கணும்?"

"அப்பன் சாம்பல், ஆத்தா சாம்பல்னு சொன்னது யாரு? நீதானே?"

"சொன்னேன். அதுக்கு நா முட்டைக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது. அப்பாவின் முகம் அந்த வான்கோழியின் தலையைப்போலவே நிறம் மாறியது. பின்சீட்டிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா, "செப்பாட்லா பாங், நந்தி பாசார் தூத்துப்" என்று குரல் கொடுத்தார். சந்தை மூடிவிடுமே என்ற கவலை அவருக்கு.

"இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றார் அப்பா. "பரிசமும் வேணாம், ஒன்னும் வேணாம்."

மாமா ஸ்டியரிங் பக்கம் திரும்பினார். கியரைப் போட்டார். அன்றிலிருந்து சாலையில் அந்த இரண்டு ஹாரன்களும் பேசிக்கொள்வது நின்றுபோயிற்று.

வீட்டில் யாரும் சித்தியிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவள் குஞ்சுகளைக் கவனிப்பதில் இறங்கிவிட்டாள்.

வான்கோழிக் குஞ்சைப்போல அசடு உலகத்தில் இல்லை. தீனிக்குமேல் நின்றுகொண்டே பசிக்குது என்று கத்தும். கொத்தித் தின்னத் தெரியாது. அவித்த முட்டையைப் பொடித்து, வெங்காயத் தாளை நறுக்கிக் கலந்து வைத்து, சித்தி விரல் நுனியால் தட்டில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருப்பாள். என் கோலிக்குண்டுகளில் மூன்றைத் தீனிக்குள் போட்டாள். மினுமினுப்பைக் கண்டு கொத்தப் போய், குண்டு வழுக்கி, வாயில் தீனி சிக்கி, அப்படித்தான் அவை சாப்பிடக் கற்றுக்கொண்டன. தனியாக விட்டால் ஆளைத் தேடிக் கூப்பாடு போடும். மடியில் தூக்கி வைத்தால் உடனே கண்ணை மூடிக்கொள்ளும்.

கறுப்பில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் லயத்துக் கடைசி வீடுவரை ஓடி வரும். பின்னால் நடக்கும், நான் உட்கார்ந்தால் உட்காரும். எதிர்வீட்டுப் பெரியப்பா, "ரெண்டும் ஒரே கடையில வாங்குனதோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

வளர வளர அவை செய்த கூத்து கொஞ்சமில்லை. அப்பா அடித்த நீலக் கூண்டுக்குள் ஒரு நாளும் படுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஏழும் வரிசையாகப் பறந்து ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்ளும். அப்பா கீழே நின்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எறங்குங்கடா, கூண்டு எதுக்கு இருக்கு?" என்று சத்தம் போடுவார். மரத்திலிருந்து ஏழு குரலும் ஒன்றாகப் பதில் சொல்லும். கடைசியில் அந்தக் கூண்டில் அம்மா விறகு அடுக்கினாள். என் கறுப்பு, லாரிச் சக்கரத்தின் பளபளப்பான மூடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து இறகை விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை போடும். வேலைக்குப் புறப்பட வந்த அப்பா அதைப் பார்த்து ஒருநாள் சிரித்துவிட்டார். நான் பார்ப்பது தெரிந்ததும் இருமிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையும் நினைவிருக்கிறது. கூரைக்குள் ஓடி வரத் தெரியாமல் ஏழும் வெட்டவெளியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நனைந்தால் சளி பிடித்துச் செத்துப்போகும் என்று சித்தி அலறினாள். அப்பாதான் முதலில் ஓடினார். கைக்கொன்றாய் அள்ளிக்கொண்டு வந்தார். எது சாம்பல், எது கறுப்பு என்று அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. மாமாவின் தம்பி மோட்டார் பழுது பார்ப்பவர் என்று சொன்னேனல்லவா? அவருடைய மோட்டார் சைக்கிள் அடிக்கடி எங்கள் தோட்டத்துச் சாலை முனையில்தான் பழுதாகும். அலோர் காஜாவுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பிடிக்கப் போகும் சித்தி கொஞ்சம் தாமதமாக வருவாள். அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். "மோட்டார் சரியாயிடுச்சா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். சித்தி குடத்தை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஒருநாள் அப்பா ஆபீசிலிருந்து முகம் இறுகிப்போய் வந்தார். கிராணி எல்லோர் முன்னாலும், "என்னா டிரைவர், சாம்பல் எரிஞ்சு கரியாயிடுச்சாமே?" என்று கேட்டுவிட்டாராம். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அந்தக் கறுப்பு மூணையும் நாளைக்கே யாருக்காச்சும் குடுத்துடுங்க. அது நம்ம வீட்டுது இல்ல. மாத்திக் குடுத்தது."

என் வாயில் நெத்திலிச் சம்பல். விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, என்னையும் ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

நான் அழவில்லை. குறும்பாகவும் கேட்கவில்லை. தவிட்டு விஷயத்தில் வெகுநாளாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டேன், அவ்வளவுதான்.

அக்கா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"சொல்லுங்க. புள்ள கேக்குதுல்ல."

அம்மாதான் என் பக்கம் திரும்பினாள்.

"நீ பொறந்தன்னிக்கு ஒங்கப்பாவோட அக்கா வந்து தொட்டிலப் பாத்துட்டு, பிள்ள மாறிப் போச்சு, நர்ஸ் மிஸ்ஸியக் கூப்புடுன்னு வார்டே அதிர சத்தம் போட்டாங்க. ஒங்கப்பா என்னா செஞ்சாரு தெரியுமா? ஒன்னத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. 'எதுவும் மாறல, யாரும் தொடாதீங்க'ன்னு சாயங்காலம் வரைக்கும் கீழ வைக்கல. பாலு குடுக்கக்கூட நாந்தான் கெஞ்சி வாங்கினேன்."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னிக்கு நீங்க யார்கிட்டயும் அத்தாட்சி கேக்கல. நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு நெறத்துல புள்ளைங்க பொறக்கலாம், அந்தக் கோழிக்கு மட்டும் பொறக்கக் கூடாதாக்கும்? ஒங்க கூட்டாளி ஒங்கள ஏமாத்துற ஆளுதானா? நீங்களே சொல்லுங்க."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். ரம்புத்தான் மரத்தடியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் லாரி ஓட்டமில்லை. காலையில் கோப்பி குடித்ததும் அப்பா வெள்ளைச் சட்டையும் நல்ல சிலுவார் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார் என்னிடம். "அந்தக் கறுப்பையும் எடுத்துக்க."

ரோத்தான் பிரம்புக் கூடைக்குள் அதை வைத்து மேலே துணி கட்டினாள் சித்தி. எதற்கு எடுத்துப் போகிறோம்? காட்டுவதற்கா, திருப்பிக் கொடுத்துவிடுவதற்கா? கேட்கத் தைரியம் இல்லை. இரண்டு பஸ் மாறி தங்கா பத்து போய்ச் சேரும்வரை கூடையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் யாராவது மணியடித்தால் கூடைக்குள்ளிருந்து 'குளுகுளு' என்று பதில் வரும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார்.

மாமா வீட்டு வேலிக்கதவில் அப்பா கை வைத்துவிட்டுத் தயங்கினார். அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. இந்த வெயில்ல பிள்ளயக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார், நேற்றும் வந்து போனவரிடம் பேசுவதுபோல. "அவரு டூட்டி முடிஞ்சு வர்ற நேரந்தான். பசியாறிட்டீங்களா?"

அப்பா ஜம்பு மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சாம்பல் பெட்டை சிறகை அகட்டி உட்கார்ந்திருந்தது. சிறகுக்குக் கீழிருந்து சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று சாம்பல். ஒன்று கறுப்பு. இன்னொன்று சாம்பலைவிட வெளுப்பு. அதற்கப்பால் மறுபடி ஒரு கறுப்பு.

"இந்த வாட்டி அதுவே அட காத்துச்சுண்ணே" என்றார் அத்தை. "நானே பாத்துக்கிட்டு இருந்தேன், வேற ஒரு முட்ட உள்ள போவல. இப்படித்தான் வந்துருக்கு. அவரு கூடையில போட்டு ஒங்ககிட்ட கொண்டாந்து காட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நாந்தான், கோழிக்குஞ்சத் தூக்கிட்டு நியாயம் கேக்கப் போவாதீங்க, அண்ணனே ஒருநாளு வருவாருன்னு நிறுத்தி வச்சேன்."

அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு கறுப்புக் குஞ்சு தாயின் முதுகில் ஏறி வழுக்கி விழுந்து மறுபடி ஏறியது. பெட்டை எந்தக் குஞ்சையும் தனியாகப் பார்க்கவில்லை.

மாமா உள்ளே வந்தபோது அப்பா எழவில்லை. மாமா தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து அவரும் குந்தினார். இரண்டு பேரும் குஞ்சுகளையே பார்த்தார்கள். கடைசியில் அப்பாதான் வாய் திறந்தார்.

"ஒன் பஸ்ல வந்தா எறக்கி விட்டுடுவியோன்னு வேற பஸ்ல வந்தேன்."

"எறக்கி விட்டிருக்கமாட்டேன்" என்றார் மாமா. "டிக்கெட்டு கேட்டிருப்பேன்."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா அவர் முதுகில் கை வைத்து, "விடுலா மச்சான், விடு" என்றபோதுதான் புரிந்தது.

மன்னிப்பு என்ற வார்த்தையை அன்று யாரும் சொல்லவில்லை. அத்தை மீன் குழம்பு வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. முட்டையிடும் நேரத்தில் பெட்டை அதைப் பார்த்து மிரண்டிருக்க வேண்டும், அதனால்தான் சில குஞ்சு கறுப்பாகிவிட்டது. இரண்டு பேர்மீதும் தப்பில்லை, நாய்மீதுதான் தப்பு என்றானதில் இருவருக்கும் பெரிய நிம்மதி. அந்த நாய் பாவம், சங்கிலியில் கட்டிக் கிடந்தது. பல வருஷங்கள் நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் பேத்தி கைப்பேசியில் இருந்ததைப் படித்து, "இந்தச் சாதி அப்படித்தானாம் பாட்டி. அப்பா அம்மா ரெண்டும் கிரேயா இருந்தாலும் குஞ்சு கறுப்பாவும் வருமாம், லைட்டாவும் வருமாம். முன்கூட்டியே சொல்ல முடியாதாம்" என்றாள். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

சித்திக்கு அந்தத் தையிலேயே பரிசம் போட்டு, வைகாசியில் கல்யாணம் நடந்தது. மோட்டார் பழுதாவதும் நின்றுபோயிற்று. சித்தி இப்போதும் அலோர் காஜாவில்தான் இருக்கிறாள். சித்தப்பா காது கேட்காமல் போய், தான் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். கிராணிக்கு அப்பா ஒரு சாம்பலும் ஒரு கறுப்பும் கொடுத்தார். "ஜோடின்னா இப்படித்தான்" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

ஆனால் உங்களிடம் சொல்ல வந்தது அன்றைக்கு நாங்கள் திரும்பிய பயணத்தை. புறப்படும்போது அப்பா தானாகவே கூடையை எடுத்து, கறுப்பை உள்ளே வைத்துத் துணியைக் கட்டி என் மடியில் கொடுத்தார். மலாக்காவில் மாறி ஏறிய பஸ்ஸில் கூட்டம். மாமாவின் பஸ் இல்லை, ஓட்டுநரையும் கண்டக்டரையும் எங்களுக்குத் தெரியாது. சன்னலோர இடத்தை அப்பா எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்து, வயல்களின் மேல் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டையைத் தட்டிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தார்.

"எங்க?"

"பெம்பான். ஒன்ற டிக்கெட்டு" என்றார் அப்பா. "இது எம் மக."

நான் யாரென்று கண்டக்டர் கேட்கவே இல்லை.